கோத்தா பாரு எவ்வளவு தூரம்?

போன வாரம் எங்கள் கிள்ளான் வீட்டு ஹாலில் நானும் என் மகளும் ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் அதிர்ந்துபோனோம். அவளுக்கு ஆபீஸ் வேலையாகக் கோத்தா பாரு போகவேண்டியிருந்தது. போனில் கோலாலம்பூருக்கும் கோத்தா பாருவுக்கும் என்ன தூரம் என்று தட்டினாள். விமானத்தில் ஒரு மணி நேரம், காரில் ஏழு மணி நேரம் என்று வந்தது.

"ஏழு மணி நேரமா! எப்படிம்மா மனுஷன் ஓட்டுறது?" என்றாள்.

"ஏழே மணி நேரமா?" என்றேன் நான்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விசித்திரமாகப் பார்த்துக்கொண்டோம். அவள் நெடுஞ்சாலைகள் வந்த பிறகு பிறந்தவள். அவளுக்குத் தூரம் என்றால் டோல் சாவடியும் நடுவில் கழிப்பறைக்கு நிற்கும் ஒரு இடமும்தான். நான் வேறு காலத்தில் இருந்து வந்தவள். எங்கள் காலத்தில் கோத்தா பாரு இருக்கிற திசையில் நேராகப் போகவே முடியாது. நடுவில் மலை, மலைக்குப் பின்னால் காடு. குவா மூசாங் வழியாக இப்போது போகிறார்களே, அந்தச் சாலையெல்லாம் அப்போது கிடையாது. கிழக்கே பகாங் மலைகளைத் தாண்டிக் குவாந்தான் போகவேண்டும். அங்கிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே திரெங்கானு வழியாக வடக்கே ஏறவேண்டும். காலையில் புறப்பட்டால் இருட்டும்போது போய்ச் சேரலாம். அதுவும் வெயில் காலத்தில். மழைக்காலத்தில் எப்போது போய்ச் சேர்வோம் என்று யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

பெந்தோங் மலை வளைவுகளில் வாந்தி வராமலிருக்க எங்கள் ஆட்கள் ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கும் சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரஞ்சு கொடுத்தால், உரித்த உடனே எனக்குத் தலை சுற்றும். கை தானாகப் பிளாஸ்டிக் பையைத் தேடும். என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் சிரித்துவிட்டார்.

இன்னொரு வாசனையும் உண்டு. சிவப்புக் கார்பன் பூசிய டிக்கெட் தாளின் வாசனை. எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டிராவல் ஏஜென்சியில் எனக்கு வேலை. விமான டிக்கெட்டைக் கையால் எழுதவேண்டும். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினால்தான் கடைசித் தாள் வரைக்கும் பதியும். சாயந்திரம் விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். பினாங்கு எவ்வளவு நேரம், சிங்கப்பூர் எவ்வளவு நேரம், மெட்ராஸ் எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் டக்கென்று சொல்வேன். நான் மட்டும் அதுவரை ஒரு விமானத்தின் படியில்கூடக் கால் வைத்ததில்லை. ஆனாலும் சொல்லும் தோரணையைப் பார்த்தால் காலையில்தான் லண்டனில் இருந்து வந்து இறங்கினவள் மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் என் அக்கா புஷ்பாவுக்குக் கோத்தா பாருவில் இருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை தனபாலன், அங்கே தண்ணீர் இலாகாவில் வேலை. அவருக்கு அப்பா இல்லை. அம்மா நாகம்மா ஒரு சின்னத் துணிக்கடை வைத்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். பெண் பார்க்க வந்தபோதே எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எங்கள் அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"கோத்தா பாருவா? அது சியாம் பக்கம்லடி! எம் பொண்ண நான் எப்படிப் பாக்கிறது?"

நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்மா. இங்கேர்ந்து கிள்ளானுக்கு பஸ்ல போற நேரம். அவ்ளோதான்."

எங்கள் அப்பா ரயில்வேக்காரர். நாங்கள் இருந்ததும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். அவர் தன் பங்குக்கு, "ரயில் போற ஊரு எதுவும் தூரம் இல்ல" என்றார். விமானத்துக்கு எங்கள் வீட்டுச் சம்பளம் எட்டாது என்பதும், அந்த ரயில் காட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அம்மா ஒரு மணி நேரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிவிட்டார்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். கிழக்குக் கரையில் மழை பிடிக்கிற மாதம் என்று நாகம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பஸ்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் இறங்கிக் குளித்து, சாயந்திரம் நிச்சயம் வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

சனிக்கிழமை அரை நாள் எனக்கு டிராவல் கடையில் வேலை இருந்தது. கல்யாணப் பெண்ணின் தங்கச்சி வேலைக்குப் போகிறாளே என்று கேட்காதீர்கள். குவார்ட்டர்ஸில் டெலிபோன் கிடையாது. ஏதாவது தகவல் வந்தால் கடைக்குத்தான் வரவேண்டும் என்று அப்பாவே என்னை அனுப்பினார். பதினோரு மணிவாக்கில் போன் அடித்தது. மழைச் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளே ஒரு ஆண் குரல்.

"நான் தனபாலன் பேசறேன். திரெங்கானு ஏர்போர்ட்ல இருக்கேன். சாயந்திரம் சுபாங்ல வந்து இறங்கறேன்."

"எல்லாருமா வரீங்க?"

"நான் மட்டும்."

அதோடு லைன் போய்விட்டது. ரிசீவரைக் காதில் வைத்தபடி நான் அப்படியே நின்றேன். என் முதலாளி மிஸ்டர் சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "கோ லா, கோ! கடைய நான் பாக்கறேன்" என்று கிட்டத்தட்டத் தள்ளிவிட்டார்.

சாயந்திரம் அப்பாவும் நானும் தெரிந்தவருடைய டாக்சியில் சுபாங் விமான நிலையம் போனோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கோட்டும் பெட்டியுமாக வருகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் வந்தார். யாரோ கொடுத்த சட்டை, தோளில் பிடித்துக்கொண்டு நின்றது. முழங்கால் வரை சேறு காய்ந்த பேன்ட். காலில் ஜப்பான் சிலிப்பர், அதுவும் இரண்டும் இரண்டு நிறம். பெண் பார்க்க வந்தபோது தலை கலையாமல் உட்கார்ந்திருந்த மனிதர் இவர்தான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மாப்ளே! மத்தவங்கல்லாம் எங்க?" என்றார் அப்பா.

அவர் டாக்சியில் உட்கார்ந்துதான் சொன்னார். பஸ் திரெங்கானு டவுனைத் தாண்டி டுங்குன் பக்கம் போனபோது முன்னால் ரோடு காணவில்லை. தண்ணீர். சரியென்று திருப்பினால் வந்த வழியிலும் தண்ணீர். நடுவில் ஒரு மலாய்க் கம்பம், அந்தக் கிராமத்தின் மேடான பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒதுங்கினார்கள். காலையில் நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு போக ஒரு படகு வந்தது. அதில் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. நாகம்மா மகனைப் பிடித்து அதில் தள்ளிவிட்டார். "நீ போடா. அந்தப் பொண்ணு அங்க காத்துக்கிட்டு இருக்கும்." படகில் இருந்து லோரி, லோரியில் இருந்து விமான நிலையம். அங்கேயும் ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம்.

"தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு மாமா. படகு திரும்பினப்ப அம்மா பள்ளிக்கூட வாசப்படியில நின்னாங்க. கீழ்ப்படி முழுகிருச்சு." அப்புறம் சட்டென்று பேன்ட் பையைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "தாலி அம்மாகிட்டயே இருக்கு மாமா."

குவார்ட்டர்ஸ் வீட்டில் அன்று சாயந்திரம் நின்ற கூட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது. பின்கட்டில் கிள்ளானில் இருந்து வந்த சமையல்கார அண்ணன் பருப்பு வறுத்துக்கொண்டிருந்தார். மல்லிகைப்பூக் கூடையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செலாயாங்கில் காய்கறி மொத்த வியாபாரம் செய்த பெரியப்பாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"மாப்பிள்ள வந்தாச்சு. பொண்ணு இருக்கு. தாலி என்ன, ஆசாரிகிட்டச் சொன்னா காலையில குடுத்துருவான். முகூர்த்தம் தப்பக்கூடாது லா."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் உள் அறைக் கதவு திறந்தது. புஷ்பா வந்து நின்றாள். கையில் மருதாணி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் அக்கா அதிர்ந்து பேசாதவள். பஸ்ஸில் இறங்குமிடம் வந்தால்கூட மணியடிக்கத் தயங்கி, வேறு யாராவது அடிக்கட்டும் என்று அடுத்த நிறுத்தம்வரை போகிறவள்.

"நான் நாளைக்கு மணவறையில உக்காரல" என்றாள்.

"என்னடி பேசற?" அம்மா பதறிவிட்டார். "ஊரே வருது!"

"வரட்டும்மா. சாப்பிட்டுப் போகட்டும். அந்த அம்மா தண்ணிக்கு நடுவுல நிக்கிறாங்க. இருக்காங்களா இல்லையான்னே தெரியல. நான் எப்படிம்மா மாலையப் போட்டுக்கிட்டுச் சிரிக்கிறது?"

அடுப்பில் பருப்பு தீயும் வாசனை வந்தது. கிளறுகிறவரும் கரண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார் போல. மூலையில் உட்கார்ந்திருந்த தனபாலன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அதுவரை அவர் அழவேயில்லை. அவர் அழுததைப் பார்த்த பிறகுதான், அவர் எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பதே எங்களுக்கு உறைத்தது. பெரியப்பா மெல்லத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா சொன்னார்: "சமையல நிறுத்தவேணாம்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், மறுநாள் கல்யாணம் இல்லாமல் கல்யாணச் சாப்பாடு நடந்தது. கேரித் தீவு எஸ்டேட்டில் இருந்து லோரி பிடித்து வந்தவர்கள், கிள்ளான்காரர்கள், அப்பாவோடு வேலை செய்தவர்கள் என்று கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு முகமும் மாறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டு வருவார்கள், கேட்டதும் வாயில் கை வைப்பார்கள், அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் பன்னீரை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். நாதஸ்வரக்காரர் வந்து ரகசியமாகக் கேட்டார். "அண்ணே, வாசிக்கவா, வேணாமா?"

"சாப்பிடறப்ப வாசிங்க. கெட்டிமேளம் மட்டும் வேணாம்" என்றார் அப்பா.

வெறும் மணவறைக்கு முன்னால் வாழை இலையில் பாயசம் ஓடியது. கேரித் தீவு மாமா ஒருவர் கை கழுவிவிட்டு அப்பாவிடம் வந்தார். "சாப்பாடு நல்லாருக்கு மச்சான். தொண்டையிலதான் இறங்கல" என்றார்.

பிறகு வந்த நாட்களில்தான் தூரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. கடைச் சுவரில் ஒரு பெரிய மலேசிய வரைபடம் மாட்டியிருந்தது. கோலாலம்பூரில் கட்டைவிரலை வைத்தால் சுண்டுவிரல் டுங்குனைத் தொட்டுவிடும். ஒரு சாண். அந்த ஒரு சாணுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. மாப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் தங்கவைத்திருந்தோம். அவர் காலையில் இருந்து ரேடியோவுக்கு முன்னால்தான். தமிழ்ச் செய்தியில் எந்த ரோடு மூடியிருக்கிறது என்று வாசிப்பார்கள். மனுஷர்கள் பெயரை வாசிக்கமாட்டார்கள். புதன்கிழமை டிக்கெட் வாங்க வந்த ஒருவர், திரெங்கானுவில் ஒரு பஸ் ஆற்றோடு போய்விட்டதாம் என்று சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். நான் டிக்கெட்டில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் கடை வாசலைக் கடந்து ஒரு பஸ் போனது. ஜன்னல் வரைக்கும் சேறு. என்ன நிறம் என்றே தெரியவில்லை. பின்னால் நம்பர் பிளேட்டில் துடைத்துவிட்ட மாதிரி ஒரே ஒரு எழுத்து தெரிந்தது. 'டி'. கோத்தா பாரு இருக்கிற கிளந்தான் மாநில வண்டி! எதிரில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு நடு ரோட்டில் ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றுபோனதைக் குவார்ட்டர்ஸ் வந்த பிறகுதான் பார்த்தேன்.

பஸ்ஸில் இருந்து முதலில் இறங்கியவர் நாகம்மா. முடியெல்லாம் சடை பிடித்து, கண் உள்ளே போய், பத்து வயது கூடின மாதிரி இருந்தார். கழுத்தில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. ஓடி வந்த மகனைக் கட்டிக்கூடப் பிடிக்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்.

"கட்டிட்டியாடா?"

"இல்லம்மா."

நாகம்மா திகைத்துப்போனார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது, ஒரே மகனின் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அழுது, அழுகையை முடித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய கண் கூட்டத்தில் தேடிப் புஷ்பாவிடம் வந்து நின்றது.

"ஏம்மா கட்டிக்கல?"

"நீங்க வரலையே அத்தை" என்றாள் புஷ்பா.

அந்த அம்மா அப்படியே வாசல் கால்வாய் ஓரத்துச் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளத்தில் அழுது தீராத அழுகையெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் நடு வெயிலில் வெளியே வந்தது. புஷ்பா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாகம்மா கழுத்து முடிச்சை அவிழ்த்துத் தாலியை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. பஸ்ஸின் பின்பக்கத்தில் இருந்து தலையில் முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா, ஒரு கோணி நிறைய கெரோப்போக் என்கிற மீன் அப்பளத்தோடு இறங்கினார். நாங்கள் வாயைப் பிளந்தோம். மக்சிக் ரொக்கியா; மலாயில் மக்சிக் என்றால் அத்தை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு. தன் வீட்டு அரிசி தீரும் வரை பஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சியவர். கூரைப் புடவை நனையாமலிருக்க அதைத் தன் வீட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டவரும் அவர்தான். கல்யாணம் முடிந்திருக்கும் என்று நினைத்திருந்தபோதும் நாகம்மா அவரை விடவில்லை. "மருமகளையாவது வந்து பாரு" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் கல்யாணம். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார். அது நல்ல நேரமா என்று யாரும் தோண்டிக் கேட்கவில்லை. வேலை நாள், ஐம்பது பேர்கூடத் தேறமாட்டார்கள் என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் திரும்பவும் வந்துவிட்டார்கள். கேரித் தீவு லோரியும் வந்தது. சோறு, சாம்பார், மக்சிக் கொண்டுவந்த கெரோப்போக். அவ்வளவுதான் விருந்து. அன்றைக்குக் கெட்டிமேளம் அடித்த அடியில் என் காது அடைத்துவிட்டது.

புஷ்பா கோத்தா பாரு போனாள். சில வருஷம் கழித்து அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது, கடையில் சலுகை விலையில் கிடைத்த டிக்கெட்டில் அம்மாவும் நானும் போனோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானம். அம்மா கண்ணை இறுக்கி மூடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காப்பி வந்தது. பாதி குடிப்பதற்குள் கோப்பையை வாங்கிக்கொண்டு பெல்ட் போடச் சொன்னார்கள். சக்கரம் தரையில் இடித்தது.

"என்னடி, இன்னும் கிளம்பலையா?" என்றார் அம்மா.

"வந்துட்டோம்மா. இதுதான் கோத்தா பாரு."

அம்மா நம்பவில்லை. படி இறங்கி, ஊர்ப் பெயர்ப் பலகையை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு கிட்டவாடி இருந்தா எம் பொண்ணு?" ஒரு மணி நேரம் என்று ஆயிரம் தடவை சொன்ன எனக்கும் அன்றுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. அந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடம் நிற்கிறது. டிராவல் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். அம்மா, அப்பா, நாகம்மா அத்தை யாரும் இல்லை. கண்ணை மூடும்வரை நாகம்மா அத்தை புஷ்பா கையால் அல்லாமல் வேறு யார் கையாலும் காப்பி வாங்கிக் குடித்ததில்லை. புஷ்பா பஸ்ஸில் வந்துகொண்டிருந்த வருஷங்களில், இவ்வளவு தூரம் வந்துவிட்டு உடனே திரும்ப முடியுமா என்று பிள்ளைகளோடு பதினைந்து நாள் தங்குவாள். மெத்தை போட இடமில்லாமல் நாங்கள் வாசல்வரை படுத்துக் கிடப்போம்.

போன மாதம் கிள்ளானில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் புஷ்பா வந்திருந்தாள். காலை விமானத்தில் வந்தாள், கையில் ஒரு சின்னப் பை. தாலி கட்டி முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். பேசத் தொடங்கி அரை மணிகூட ஆகியிருக்காது, போனைப் பார்த்தாள்.

"கார் வந்துருச்சு. நாலு மணி ஃப்ளைட்."

"இருந்துட்டுப் போயேன்க்கா. ரூம் மூணும் காலியாத்தான் கிடக்கு."

"ஒரு மணி நேரம்தானடி. எப்ப வேணா வரலாம்."

வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே வந்தேன். அவளுக்குப் பிடிக்கும் என்று விடியற்காலையில் போர்ட் கிள்ளான் போய் வாங்கிவந்த நண்டு, கயிறுகூட அவிழ்க்காமல் சிங்க்கில் கிடந்தது. ஒன்று இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அப்படியே அள்ளிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.